சித்தூரில் நின்றுபோன இரண்டாம் பாதி

1961 ஏப்ரல் 6, வியாழக்கிழமை, காலை ஐந்து ஐம்பது. திருத்தணி பஸ் நிலையம். வானம் சாம்பல் பூசினாற்போல் இருந்தது. காற்று அடியோடு இல்லை. அந்த நேரத்திலேயே சட்டைக் கழுத்து நனைந்துவிட்டது. ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஆறு ஐந்துக்குக் கிளம்பியது. எனக்கு அறுபத்தெட்டு வயது, முப்பத்தைந்து நிமிஷத்தை இப்படி விட்டுக்கொடுக்கும் நிலையில் நான் இல்லை என்று கண்டக்டரிடம் சொன்னேன். அவர் பயந்துபோய் என்னை முன் ஸீட்டில் உட்காரவைத்தார். அது எஞ்சினை ஒட்டிய ஸீட். மரியாதைக்கு மரியாதை, சூட்டுக்குச் சூடு.

போன வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து திருத்தணி சென்னை ராஜ்யம். சித்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. இருபத்தொரு வருஷம் நான் கணக்கு வாத்தியாராக இருந்த ஊர் அது. இப்போது அங்கே போவதென்றால் இன்னொரு ராஜ்யத்துக்குப் போவதாகும். எல்லையில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கல் ஒன்று நின்றது. அதைத் தாண்டும்போது ஏதாவது வித்தியாசம் தெரியும் என்று கவனித்துக்கொண்டிருந்தேன். சாலையில் குழி இந்தப் பக்கமும் இருந்தது, அந்தப் பக்கமும் இருந்தது.

எதற்காகப் போகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இருபத்து நான்கு வருஷத்துக்கு முன் சித்தூர் மைதானத்தில் ஒரு கால்பந்துக் கோப்பையின் கடைசி ஆட்டம் நடந்தது. சித்தூருக்கும் புத்தூருக்கும் போட்டி. கிழக்குப் பக்கத்தில் சவுக்குக் கம்பும் பனஞ்சட்டமும் கயிறும் கொண்டு ஒரு காலரி கட்டியிருந்தார்கள். ஆட்டத்தின் பாதியில் ஒரு கோல் விழுந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். காலரி உட்கார்ந்துவிட்டது. ஒன்பது பேர் போனார்கள். அவர்களில் ஒருவன் என் மகன் சுந்தரம். ஐந்தாம் பாரம் படித்துக்கொண்டிருந்தான்.

தகப்பன் மகனுக்குத் திதி கொடுக்கிற வழக்கம் எங்களில் இல்லை. கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு வேறு யார் கொடுப்பது? ஆகவே சுந்தரத்துக்கென்று வீட்டில் எதுவும் நடப்பதில்லை. சித்தூர் மைதானத்தில் நடப்பதுதான் அவனுக்கு உண்டான ஒரே காரியம்.

அது இப்படி நடக்கும். ஒவ்வொரு வருஷமும் அந்தத் திதியன்று மாலையில் அதே இரண்டு ஊர்க்காரர்களும் அங்கே ஆடுவார்கள். பாதி ஆட்டம் முடிந்ததும் பந்தை மைதானத்தின் நடுவில் வைப்பார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். அந்த வீட்டு ஆள் ஒருவர் போய்ப் பந்தைக் கிழக்குப் பக்கமாக ஓர் உதை உதைக்க வேண்டும். ஒன்பது உதையும் முடிந்த பிறகுதான் இரண்டாம் பாதிக்கு விசில். முதல் வருஷம் எல்லாரும் தலை குனிந்து மௌனமாக நின்றபோது, ராஜம்மா என்ற பெண், புருஷனைப் பறிகொடுத்தவள், விறுவிறுவென்று நடுவில் போய், "இந்தப் பந்துதானே என் வீட்டை முழுங்கிச்சு!" என்று அதை ஓங்கி உதைத்தாள். யாரும் தடுக்கவில்லை. மற்ற வீட்டாரும் ஒவ்வொருவராகப் போய் உதைத்தார்கள். அதிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. ஒன்பது கஜம் புடவை கட்டிய கிழவிகள் புட்பால் உதைப்பதை வேறு எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை.

முன்பெல்லாம் என் மனைவி கனகமும் வருவாள். இப்போது முழங்கால் மடங்குவதில்லை. "யார் யார் வந்திருந்தாங்கன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்கோ" என்று தேன்குழல் டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பினாள். டப்பா என் மடியில் இருந்தது. எஞ்சின் சூட்டில் தேன்குழல் இன்னொரு முறை பொரிந்திருக்கும்.

நகரி மலையின் மூக்கு தெரியும் இடத்தில் வண்டி ஆவி விட்டு நின்றது. டிரைவர் தகர வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். வேப்ப மரம் ஒன்றுதான். பயணிகள் முப்பத்தொரு பேர். நிழலில் பதினொரு பேர் நிற்கலாம். நான் பன்னிரண்டாவது. நகரி நெசவுக்காரர்கள் இருவர் நூல் சிப்பத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"இன்னா பெரியவரே, திருத்தணியா? நீங்க ஜாலியா மெட்ராஸ் பக்கம் பூட்டீங்க. நாங்க இங்கியே மாட்டிக்கினோம்."

மற்றவர், "மாட்டிக்கினா இன்னாடா இப்போ? தறி தமிழ் பேசுதா, தெலுங்கு பேசுதா? நூல் வெலைதான் பேசுது" என்றார்.

"அட, உனக்கு இன்னா தெரியும்? எங்க நைனா பட்டா தமிழ்ல கீது. என் பட்டா தெலுங்குல கீது. தாசில் ஆபீஸ்ல போயி நானு அவரு புள்ளைன்னு ருஜுவு காட்டுன்றான். மூஞ்சியப் பாருய்யான்னேன். மூஞ்சிக்கு முத்திரை கீதான்னு கேக்கறான்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் என் டப்பாவைப் பார்த்தார். நான் அதை இந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டேன். "பயப்படாதீங்க பெரியவரே, நாங்க துன்னுட்டுத்தான் வந்தோம்" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆளுக்கு ஒன்று கொடுத்தேன்.

நகரியில் வண்டி மாறிச் சித்தூர் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டேகால். கச்சேரித் தெருவில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். கட்டிலில் மூட்டைப்பூச்சி இல்லை என்று பையன் சத்தியம் செய்தான். இரவு பதினான்கு வரைக்கும் நசுக்கினேன்.

*

7, வெள்ளிக்கிழமை. காலை வெயில் ஏழு மணிக்கே மண்டையைப் பிடித்தது. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மைதானத்துக்குப் போனேன். ஆட்டம் மாலையில்தான். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் காலையிலேயே போய்விடுவேன். கோடு போட வரும் ஆட்களிடம் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வழக்கம். அவர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை.

மைதானத்தில் கோடு இல்லை. கோல் கம்பம் இல்லை. எட்டு எருமைகள் நின்றன. கிழக்குப் பக்கம் துணி வெளுப்பவர்கள் வேட்டி உலர்த்தியிருந்தார்கள். இடம் மாறி வந்துவிட்டேனோ என்று கூட ஒரு கணம் நினைத்தேன்.

மைதானத்தின் வடக்கு மூலையில் ராஜம்மாவின் இட்லிக் கடை. அவளுக்கு இப்போது ஐம்பதுக்கு மேல் இருக்கும். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாத்தியாரை அங்கே அய்வாரு என்பார்கள்.

"இன்னாங்க அய்வாரே, இப்ப வந்து நிக்கிறீங்க? ஆட்டம் ஆயி ஒரு மாசம் ஆச்சே!"

"இன்னைக்குத்தானே சப்தமி?"

"எந்த சப்தமி? உகாதி போயி மூணு வாரம் ஆச்சுங்க!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இருபத்து மூன்று வருஷமும் எங்களுக்குச் செய்தி அனுப்பிவந்தவர் டிரில் மாஸ்டர் தாமோதரம். போன ஆடியில் காலமாகிவிட்டார். அவர் எப்போதும் இங்கிலீஷ் தேதியைப் போட்டுத்தான் எழுதுவார். இந்த வருஷம் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்ட வெங்கடரமணா, அண்ணனை அந்தக் காலரியில் இழந்தவர், கார்டில் பால்குன பகுள சப்தமி என்று மட்டும் எழுதியிருந்தார். எங்களுக்குப் பால்குனம் என்றால் பங்குனி. பங்குனித் தேய்பிறை சப்தமி எது என்று எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். ஏப்ரல் ஏழு. இரண்டு முறை பார்த்தேன்.

அவர்களுக்கு மாதம் அமாவாசையோடு முடிகிறது. எங்களுக்குச் சூரியன் ராசி மாறும்போது. பெரும்பாலான வருஷங்களில் இரண்டு சப்தமியும் ஒரே நாளாக வந்துவிடும். சில வருஷம் ஒரு மாதம் தள்ளிப்போகும். இந்த வருஷம் அப்படிப்பட்டது. அவர்களுடைய பால்குன சப்தமி எங்கள் மாசியிலேயே போய்விட்டது. முன்பும் சில தடவை ஆட்டம் மாசியில் வந்ததுண்டு. பள்ளிக்கூடப் பரீட்சைக்காக தாமோதரம் முன்கூட்டி வைக்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். திருத்தணியில் இன்னும் சார்வரி வருஷம் நடக்கிறது. சித்தூரில் பிலவ வருஷம் பிறந்து மூன்று வாரம். பக்கத்து ராஜ்யத்துக்கு வந்ததாக நினைத்தேன், அடுத்த வருஷத்துக்கே வந்திருக்கிறேன்.

"அப்போ சுந்தரத்துக்கு?" என்று கேட்டேன்.

ராஜம்மா என்னைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். தட்டில் ஐந்து இட்லி வைத்தாள். எனக்கு மூன்றுதான் கணக்கு.

"எட்டு உதை ஆச்சுங்க. ஒம்பதாவது உங்க புள்ள பேரு. வெங்கடரமணா மூணு தபா கூப்ட்டாரு. யாரும் வரல. நானு எழுந்துக்கினேன். நானே உதைக்கிறேன்னேன். அந்த ஊர்க் கிழவனுங்க இல்ல, அவனுங்க வுடல. அவங்க வீட்டு ஆளுதான் உதைக்கணும், மொதல்ல இருந்தே அப்பிடித்தான்னு சொல்லிட்டானுங்க. ஏண்டா, முறைய உண்டாக்கினதே நானுடா, எனக்கே முறை சொல்றீங்களான்னு கேட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. ஒம்பது ஆவாம எப்பிடி விசில் ஊதறது? புத்தூர்க்காரங்க இருட்ற வரைக்கும் பாத்துட்டு பஸ் ஏறிட்டாங்க. பாதியோட நிக்குது ஆட்டம். புத்தூர் ஒண்ணு, நம்பளுது சுன்னா. பந்து வெங்கடரமணா கிட்ட கீது. அவரு திருப்பதில சத்திரத்துல வேலைங்க."

இருபத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக என் பையனுக்கு எதுவும் நடக்கவில்லை. அதோடு ஓர் ஆட்டமே நின்றுபோயிருக்கிறது. நான் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன், வாயில் போடவில்லை. எங்கள் கணக்குப்படி இன்று இன்னும் சப்தமிதான். திருப்பதி போய், வெங்கடரமணாவையும் பந்தையும் கூட்டிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட்டால் காரியம் முடிந்துவிடும். மணியைப் பார்த்தேன். எட்டு நாற்பது.

"துன்னுட்டுப் போங்க, அய்வாரே. பஸ் ஒம்பதரைக்குத்தான்" என்றாள் ராஜம்மா. வேர்க்கடலைச் சட்னி. எங்கள் வீட்டுத் தேங்காய்ச் சட்னியைவிடக் காரம் மூன்று மடங்கு. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

*

திருப்பதிக்கு இரண்டரை மணி நேரம் என்றார்கள். பாகாலா தாண்டி டயர் வெடித்தது. மாற்று டயரைக் கழற்றினால் அதற்கு முன்பே ஒட்டுப் போட்டு, அந்த ஒட்டும் போயிருந்தது. டிரைவர் அதை ஒரு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, மேல்துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

மலைக்குப் போகும் குடும்பம் ஒன்று புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தது. எனக்கும் ஒரு கை கொடுத்தார்கள். அவர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டது தமிழில் இப்படி:

"பெரியவர் மணியையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே, முகூர்த்தமா?"

"இருக்கும். பெண் பார்க்கப் போகிறாரோ என்னவோ."

"இந்த வயசிலா?"

"பேரனுக்குடி!"

எனக்குத் தெலுங்கு தெரியும் என்று சொல்லியிருக்கலாம். புளியோதரை நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

திருப்பதியில் இறங்கியபோது மூன்று ஐம்பது. இனி எந்த வண்டி பிடித்தாலும் இருட்டுவதற்குள் சித்தூர் போக முடியாது. அது தெரிந்தும் வேகமாக நடந்தேன்.

சத்திரத்தின் முன்கூடத்தில் மொட்டைத் தலைகள் வரிசையாகச் சந்தனம் பூசி நின்றன. ஆண், பெண், குழந்தை சேர்த்து நாற்பதுக்கும் மேல். மேசைக்குப் பின்னால் வெங்கடரமணா சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது, வழுக்கை. அங்கே அது தனியாகத் தெரியவில்லை. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். அவர் பேசியது தெலுங்கு.

"மாஸ்டர்காரு! நான் உங்களுக்கு உடம்புக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன். திருத்தணிக்கு ஆள் விட்டுக் கேக்கலாம்னா லீவு கிடைக்கல."

"உடம்புக்கு ஒன்றும் இல்லை. பஞ்சாங்கத்துக்குத்தான்" என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எங்க பஞ்சாங்கம் தப்பில்லைங்களே!"

"எங்களுடையதும் தப்பில்லை."

வரிசையில் நின்ற ஒருவர், பேச்சைப் பார்த்தால் தஞ்சாவூர்ப் பக்கம், "ரெண்டும் தப்பில்லேன்னா அறைச் சாவியக் குடுங்கோ, குழந்தை அழறது" என்றார். சாவி கொடுத்து அனுப்பினோம்.

வெங்கடரமணா கட்டிலுக்கு அடியிலிருந்து பந்தை எடுத்துவந்தார். பழைய தோல் பந்து, வாய்ப் பக்கம் வாரால் தைத்தது. காற்று குறைந்திருந்தது. தெருக்கோடி சைக்கிள் கடையில் காற்று அடித்தோம். "இன்னைக்கு உங்க சப்தமி. இப்போ இங்கேயே செஞ்சிடலாம் மாஸ்டர்காரு. அலிபிரியில வெட்டவெளி இருக்கு. நான் பேரைக் கூப்பிடறேன், நீங்க உதையுங்க. ரெண்டாம் பாதியை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

எனக்கும் அதுவே சரியென்று பட்டது. நாள் தவறக்கூடாது என்று நினைக்கிறவன் நான். குதிரை வண்டியில் அலிபிரி போனோம். மலைப்படி தொடங்கும் இடத்துக்கு எதிரே கல் பொறுக்கிய வெறும் தரை. மலையேறப் போகிறவர்கள் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பந்தை வைத்ததும் மொட்டைத் தலைகள் சில வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டன. "தாத்தா ஆடப்போறாரு!" என்று ஒரு குரல்.

வெங்கடரமணா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "சுந்தரம்!" என்று கூப்பிட்டார்.

நான் கிழக்கே திரும்பினேன். கிழக்கே ஒரு தேங்காய்க் கடை. அதற்குப் பின்னால் மாட்டு வண்டிகள். நான் காலைத் தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டேன். சித்தூரில் கிழக்கே பார்த்தால் அந்தக் காலரி நின்ற இடம் தெரியும். இப்போது அங்கே ஒன்றும் இல்லை, துணிதான் உலர்த்துகிறார்கள். இருந்தாலும் எந்த இடத்தில் அவனைத் தூக்கி எடுத்தோம் என்று எனக்குத் தெரியும். இந்தத் தேங்காய்க் கடைக்காரருக்கும் என் பையனுக்கும் என்ன?

"என்ன மாஸ்டர்காரு?"

"இங்கே யாரும் விழவில்லை, வெங்கடரமணா."

அவர் விரல் மடக்கி நாள் எண்ணினார். "நாளைக்கு அஷ்டமி. எங்களுக்கும் அஷ்டமி, உங்களுக்கும் அஷ்டமி. நல்ல காரியம் எதுவும் யாரும் செய்யமாட்டாங்க. ஆட்டக்காரங்க வரமாட்டாங்க. எனக்கு லீவு வேற கேக்கணும்."

"ஒரு மாதமாக நிற்கிற ஆட்டம். இன்னொரு நாள் நின்றால் குடிமுழுகிவிடாது" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. என் கல்யாணத்துக்குத் தாலி கட்டும் நேரம் இரண்டு நிமிஷம் தவறியதை இன்றைக்கும் கனகத்திடம் சொல்லிக்காட்டுகிறவன் நான். பந்தை எடுத்து இடுக்கிக்கொண்டேன். வேடிக்கை பார்த்த மொட்டைகளுக்கு ஏமாற்றம். ஒருவர், "பயந்துட்டாரு" என்றார்.

வெங்கடரமணா அன்று மாலையே புத்தூர் போகும் வண்டியின் டிரைவரிடம், "நாளைக்கு நாலரைக்கு சித்தூர்ல ரெண்டாம் பாதி, வரமுடிஞ்சவங்க வரட்டும்" என்று சொல்லியனுப்பினார். சித்தூர் வண்டியிலும் ராஜம்மாவுக்குச் சேதி போனது. எனக்குச் சத்திரத்தில் ஒரு பாய் கிடைத்தது. மூட்டைப்பூச்சி இல்லை. தயிர் சாதத்தில் மட்டும் கல் இருந்தது.

*

8, சனிக்கிழமை. காலை வண்டியில் பந்து என் மடியில் இருந்தது. தேன்குழல் டப்பா வெங்கடரமணாவின் மடியில். கண்டக்டர் என்னையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்த டீமுக்கு ஆடுறீங்க பெரியவரே?"

"எனக்கு ஒரே ஓர் உதைதான்" என்றேன்.

"பொண்டாட்டி கிட்டயா?" என்றார் அவர். வண்டி முழுக்கச் சிரித்தது. வெங்கடரமணா எழுந்து அவர் காதில் ஏதோ சொன்னார். கண்டக்டரின் முகம் மாறிவிட்டது. அப்புறம் அவர் என் பக்கம் வரவே இல்லை. இறங்கும்போது மட்டும் பந்தை வாங்கிக்கொண்டு, நான் இறங்கியதும் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அவர் செய்ததில் தப்பே இல்லை. நகைச்சுவைக்கு நானே இடம் கொடுத்திருந்தேன்.

நாலு மணிக்கு மைதானம் போனேன். யாரும் வரமாட்டார்கள் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். எருமைகள் இல்லை. கிழக்கே உலர்ந்த துணிகள் இல்லை. அவற்றை ராஜம்மா சண்டை போட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறாள். கடையையும் சாத்திவிட்டாள். நான்கு கம்பு நட்டுக் கோல் ஆக்கியிருந்தார்கள். கோடு இட்லி மாவால் போட்டதுபோல் அங்கங்கே திட்டுத்திட்டாக இருந்தது. அளவு சரியில்லை. சொல்லவில்லை.

சித்தூர் ஆட்டக்காரர்கள் ஏழு பேர் வந்தார்கள். தையற்காரர் ஒருவர், கோர்ட் குமாஸ்தா இருவர், மற்றவர்கள் மண்டிக்காரர்கள். புத்தூரிலிருந்து நான்கு பேர். ஒன்பது வீடுகளில் ஆறு வீட்டார் வந்திருந்தார்கள், அஷ்டமி என்றும் பார்க்காமல். புத்தூருக்கு ஆள் போதவில்லை என்று வேடிக்கை பார்க்க வந்த ஒரு தபால்காரரையும் ஒரு மாட்டுத் தரகரையும் அந்தப் பக்கம் சேர்த்தார்கள். தரகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நானு புத்தூர்க்காரன் இல்லையே" என்றார். "இன்னைக்கு மட்டும் ஆவுங்க. கெவர்ன்மெண்ட் ஒரு ராத்திரில திருத்தணிய மாத்தல?" என்றாள் ராஜம்மா.

பந்தை நடுவில் வைத்தார்கள். மற்ற எட்டுப் பெயர்களையும் மறுபடி கூப்பிட வேண்டுமா என்று வெங்கடரமணா பெரியவர்களைக் கேட்டார். அவையெல்லாம் முடிந்தவை, வேண்டாம் என்றார்கள். சத்தம் அடங்கியது. அவர் ஒரு தடவைதான் கூப்பிட்டார்.

"சுந்தரம்!"

நான் போனேன். ஒவ்வொரு வருஷமும் பத்தடிக்குப் போகும்படி மெதுவாகத் தட்டிவிட்டு வருவேன். இந்தத் தடவை, ஏன் என்று தெரியவில்லை, ஓங்கி உதைத்தேன். வலது செருப்பின் வார் அறுந்து, செருப்பு பந்துக்கு மேலாகப் பறந்து, கிழக்குக் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. பந்து பாதி வழியில் நின்றது.

பந்தைப் பார்ப்பதா, செருப்பைப் பார்ப்பதா என்று எல்லாரும் விழித்தார்கள். பிறகு ராஜம்மாவின் குரல்:

"செருப்பு கோலு ஆயிட்ச்சு, அய்வாரே!"

முதலில் தரகர் சிரித்தார். அப்புறம் எல்லாரும். வீட்டுக் கிழவிகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். நான் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு சிரித்தேன். அந்த மைதானத்தில் நான் சிரித்தது அதுவே முதல் தடவை. வெங்கடரமணா கண்ணைத் துடைத்துக்கொண்டு விசில் ஊதினார். இரண்டாம் பாதி தொடங்கியது.

செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டில் ராஜம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேன்குழல் டப்பாவைச் சுற்றவிட்டோம். சுந்தரம் ஆட்டம் பார்த்துவிட்டு வந்தால் நான் முதலில் கேட்பது யார் ஜெயித்தது என்று இல்லை. எத்தனை கார்னர் என்றுதான் கேட்பேன். அவன் கையில் கரிக்கட்டையால் கோடு போட்டு வைத்திருப்பான். அடித்தது எத்தனை, வாங்கியது எத்தனை, இரண்டு கைக்கும் தனித்தனியாக. கனகம் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடு என்று சத்தம் போடுவாள். நான் சரிபார்த்த பிறகுதான் கழுவுவான்.

ஆட்டம் ஒன்றும் பிரமாதமில்லை. தபால்காரர் நன்றாக ஓடினார். தரகர் பந்தைக் கையால் பிடித்துவிட்டுத் தனக்கு விதி தெரியாது என்று வாதாடினார். சித்தூர் ஒரு கோல் போட்டது. ஒன்றுக்கு ஒன்று. முன்பெல்லாம் நான் இரண்டாம் பாதி தொடங்கியதும் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிடுவேன். இன்று கடைசி விசில் வரை உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் வெங்கடரமணாவைப் பிடித்து, வருகிற வருஷம் இங்கிலீஷ் தேதி போட்டு எழுத வேண்டும் என்று சொன்னேன். மூன்று தடவை சொன்னேன்.

"எழுதறேன் மாஸ்டர்காரு."

"தேதி, கிழமை, மணி."

"எழுதறேன்."

"இன்னா பயம் அய்வாரே உங்களுக்கு? நீங்க வராம யாரு இங்க விசில் ஊதினாங்க?" என்றாள் ராஜம்மா. இட்லிக்குக் காசு கொடுக்கப் போனேன். கரண்டியைத் தேடினாள். விட்டுவிட்டேன்.

*

9, ஞாயிற்றுக்கிழமை. லாட்ஜில் இன்னோர் இரவு, இன்னும் பதினொரு மூட்டைப்பூச்சி. காலையில் பஸ் நிலையத்தில் செருப்பைத் தைத்துக்கொண்டு வண்டி ஏறினேன். வழியில் எதுவும் வெடிக்கவில்லை, கொதிக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கனகம் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தாமதம் என்பதால் மூஞ்சி வாடியிருந்தது. உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். சப்தமி, எருமைகள், அலிபிரி, அஷ்டமி, வந்திருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு பறந்ததைச் சொன்னபோது அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. குனிந்திருந்தாள்.

எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "எத்தனை கார்னர்?" என்று கேட்டாள்.

"சித்தூர் நாலு, புத்தூர் மூணு."

அவள் தலையசைத்தாள். செலவைப் பற்றிக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். பஸ், லாட்ஜ், சாப்பாடு, குதிரை வண்டி, பந்துக்குக் காற்று, செருப்பு வார் தைத்த பன்னிரண்டு நயா பைசா உட்பட எல்லாம் சேர்த்துப் பதினான்கு ரூபாய்க்கு மூன்று நயா பைசா குறைவு.